பனியன்மேல் ஒரு பெயர்

கப்பலேறிப் போகும் சரக்குக்காக வருகிற பெரிய வியாபாரிகள் ஒரு புறம் இருக்க, ஐம்பதோ நூறோ பனியன் வாங்கி, அதன் மார்பில் தம் ஸ்தாபனத்தின் பெயரையோ, கல்லூரியின் சின்னத்தையோ, கபடிக் குழுவின் புலித்தலையையோ பொறித்துக்கொண்டு போகவேண்டுமென்ற உத்தேசத்துடன் திருப்பூரில் வந்து இறங்குகிறவர்களின் கூட்டமும் சிறியதல்ல. காதர்பேட்டைக் கடைகளில் விசாரித்து, அங்கே யாராவது வழிகாட்டிவிட்ட பிரிண்டிங் பட்டறையின் வாசலில் போய் நிற்கிற இவர்களுடைய கையில் பெரும்பாலும் இருப்பது கைப்பேசியில் ஒரு படம். வாயில் இருப்பது, பீஸ் என்ன விலை, என்றைக்குக் கிடைக்கும் என்ற இரண்டே கேள்விகள். பட்டறைக்காரரோ அவற்றுக்கு விடை சொல்வதற்கு முன்னால், துணி காட்டனா பாலியஸ்டரா, அடிக்கலர் என்ன, டிசைனில் எத்தனை கலர், மொத்தம் எத்தனை பீஸ் என்று தம்முடைய கேள்விகளை அடுக்குகிறார். வந்தவர் மற்றவற்றுக்கெல்லாம் எப்படியோ பதில் சொல்லிவிடுகிறார். முதல் கேள்விக்கு மட்டும் திகைத்து நிற்கிறார்.

"ஏதாச்சும் நல்ல துணியாப் பாத்துப் போடுங்கண்ணா."

"நல்ல துணின்னா எதுங்க?"

என் அபிப்பிராயத்தில், பின்னால் வரப்போகும் சங்கடங்களில் பெரும் பகுதி இந்தச் சம்பாஷணையில்தான் கருக்கொள்கிறது. படத்தை முதலில் நிச்சயித்து, விலையை அடுத்தபடியாகப் பேசி, துணியைக் கடைக்காரரின் தயவுக்கு விட்டுவிடுகிற இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பி, இதை அணியப்போகிறவர் யார், எந்த வெயிலில் எத்தனை மணி நேரம் அணிவார், எப்படித் துவைக்கப்படும் என்பதிலிருந்து ஆரம்பித்து, அதற்குத் தக்க துணியையும், துணிக்குத் தக்க முறையையும் தேர்ந்துகொண்டு, படத்தை அந்த முறைக்கு இணங்கத் திருத்திக்கொள்வது என்று வைத்துக்கொண்டால், வாங்கினவருக்கும் அச்சிட்டவருக்கும் இப்போது நடக்கிற தகராறுகளில் அநேகம் நடக்கவே மாட்டா.

துணியின்மேல் ஓர் அடையாளத்தை இருத்துவதற்கு இன்றைக்குள்ள முறைகளின் பெயர்கள் ஏராளம். ஆயினும் அவற்றின் சுபாவத்தை ஆராய்ந்து பார்த்தால், வர்ணம் நாருக்குள்ளேயே புகுந்து அதனோடு ஒன்றாகிவிடுவது, பசைபோன்ற ஒரு பொருள் துணியின்மேல் படிந்து அதைப் பற்றிக்கொண்டிருப்பது, நூலைக் கொண்டு நூலைக் கட்டுவது என்ற மூன்றனுள் எல்லாம் அடங்கிவிடும். உள்ளே புகுந்த வர்ணம் கைக்குத் தட்டுப்படாது, உரியாது, வெடிக்காது. ஆனால் எல்லா நாரிலும் அது புக முடியாது. மேலே படிகிற பொருள் அநேகமாக எந்தத் துணியிலும் படியும். ஆனால் துணி ஒரு விதமாக நெகிழ, அது வேறு விதமாக நெகிழ, இரண்டுக்கும் என்றைக்காவது ஒருநாள் பிணக்கு வந்தே தீரும். தையல் எல்லாவற்றையும்விட நீடித்து நிற்கும். ஆனால் மெல்லிய துணி அதன் பாரத்தைத் தாங்காது. ஆகவே பிரிண்டா எம்பிராய்டரியா என்று கேட்பதற்கு முன்னால், இந்தத் துணி எதை ஏற்றுக்கொள்ளும் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இந்த ஞானம் நம்முடைய கடற்கரைக்குப் புதிதல்ல. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப்போன சீட்டித் துணிகளை ஐரோப்பியர் மோகித்து வாங்கினதற்கு, அவற்றின் பூ வேலைப்பாடு ஒரு காரணமென்றால், துவைக்கத் துவைக்க மங்காத வர்ணம் மற்றொரு காரணம். அந்த மோகத்தைக் கண்டு அஞ்சி 1686-இல் பிரான்ஸும், 1700-இலும் 1721-இலும் இங்கிலாந்தும் சட்டம் போட்டுத் தடுக்கவேண்டி வந்தது. கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், இந்தக் கரையின் சாயக்காரர்கள் கடுக்காயையும் எருமைப்பாலையும் படிகாரத்தையும் சாயவேரையும் எந்த வரிசையில் எப்படிப் பிரயோகிக்கிறார்கள் என்பதை விசாரித்து, 1742-இல் தம் நாட்டுக்கு விஸ்தாரமாக ஒரு கடிதம் எழுதினார். வர்ணத்தைப் பூசுவது பெரிதல்ல, அதைப் பருத்தி ஏற்றுக்கொள்ளும்படி முதலில் பருத்தியைப் பக்குவப்படுத்த வேண்டும் என்பதே அந்தத் தொழிலின் சூட்சுமம்.

திருப்பூரிலே ஒரு பனியன் உருவாகும் விதத்தை அறியாதவர்களுக்கு ஒரு செய்தி வியப்பளிக்கும். அங்கே அச்சு, தைத்து முடிந்த உடுப்பின்மேல் விழுவது குறைவு. நிட்டிங், சாயம், துணி பின்னால் சுருங்காதபடி படியவைக்கும் காம்பாக்டிங் எல்லாம் முடிந்து, கட்டிங் மேஜையில் முன்புறம், பின்புறம், கை என்று வெட்டப்பட்ட துண்டுகள் பண்டலாகக் கட்டப்பட்டு, பிரிண்டிங் பட்டறைக்கோ எம்பிராய்டரிப் பட்டறைக்கோ ஜாப் ஒர்க்காகப் போய், வேலை முடிந்த பிறகே பவர் டேபிளுக்குத் தைக்க வருகின்றன. இதில் பல சௌகரியங்கள் உண்டு. துண்டு தட்டையாகப் படுத்திருப்பதால் தோளிலிருந்து இடுப்புவரை, ஓரத்துத் தையலையும் தாண்டி, எங்கே வேண்டுமானாலும் அச்சிடலாம். ஒன்று கெட்டுப்போனால் ஒரு துண்டுதான் நஷ்டம். வேறு துண்டு வெட்டிக்கொள்ளலாம். தைத்து முடிந்த ரெடிமேட் பனியனை வாங்கிக்கொண்டு வந்து அச்சிடச் சொல்லுகிறவருக்கு இந்தச் சௌகரியங்கள் ஒன்றும் இல்லை. பலகையில் மாட்டும்போது கழுத்துப் பட்டையும் பாக்கெட்டும் ஜிப்பும் குறுக்கே நின்று ஸ்கிரீனைத் துணியின்மேல் சமமாகப் படியவிடா. கை தவறினால் முழுப் பனியனும் பாழ். நூறு பீஸுக்குமேல் தேவைப்படுகிறவர், நேரம் இருந்தால், துணியிலிருந்தே ஆரம்பித்துத் தைத்து வாங்குவது மேல் என்று நான் சொல்வதற்கு இதுவே முக்கிய காரணம்.

இனி, அச்சு முறைகளில் மூத்ததும், இன்றளவும் அரசு செலுத்துவதுமான ஸ்கிரீன் பிரிண்டிங்கைப் பார்ப்போம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணியில், வேண்டாத கண்களை அடைத்துவிட்டு, வேண்டிய கண்களின் வழியே மையைத் தள்ளுவது என்ற இந்த முறைக்கு இங்கிலாந்தில், மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர் 1907-இல் காப்புரிமை பெற்றார். பட்டு போய்ப் பாலியஸ்டர் வலை வந்ததும், கண்களை அடைப்பதற்கு ஒளிபட்டால் இறுகும் எமல்ஷன் வந்ததும் பிற்காலத்து விசேஷங்கள். சின்னத்தைக் கறுப்பாக ஃபிலிமில் எடுத்து, எமல்ஷன் பூசிய ஸ்கிரீனின்மேல் வைத்து வெளிச்சம் காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடம் இறுகாமல் தண்ணீரில் கரைந்து வழிவிடும். அவ்வளவுதான் தந்திரம். ஆனால் ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும் என்பதையும், கறுப்பு, கருநீலம் போன்ற ஆழ்ந்த நிறத் துணியானால் மற்றக் கலர்கள் எடுபடுவதற்காக முதலில் வெள்ளை அடிப்பூச்சு ஒன்று விழவேண்டும், அதற்கும் ஒரு ஸ்கிரீன் வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், இரண்டு கலர்ச் சின்னத்துக்கு மூன்று ஸ்கிரீன் கூலி ஏன் என்று பட்டறையில் நின்று வாதாட வேண்டியிராது.

நீண்ட மேஜைகளின்மேல் பசை தடவி, வெட்டிய துண்டுகளை வரிசையாக ஒட்டிவைத்து, ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு ஸ்கிரீனைத் தூக்கி வைத்து, ஸ்டாப்பரில் அணைத்து, ரப்பர்க் கட்டையால் மையை ஒரே அழுத்தத்தில் இழுத்துக்கொண்டே மேஜையின் கோடிவரை போய், மறுபடி அடுத்த கலருடன் முதல் துண்டிலிருந்து ஆரம்பிக்கிற டேபிள் பிரிண்டர்களின் கைத்திறமையைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். மயிரிழை நகர்ந்தாலும் சிவப்பு ஓரிடத்திலும் அதன் கறுப்பு விளிம்பு வேறிடத்திலுமாக நின்றுவிடும். பலகைகள் சுழன்று சுழன்று ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் அடியில் வந்து நிற்கும் யந்திரத்துக்கு அமெரிக்காவில் மைக்கேல் வாசிலன்டோன் 1969-இல் காப்புரிமை பெற்ற பிறகு, அதன் வழிவந்த யந்திரங்கள் உலகெங்கும் பரவின. திருப்பூரின் பெரிய பட்டறைகளிலும் அவை இருக்கின்றன. எனினும் மேஜை ஒழிந்துபோய்விடவில்லை.

இந்த முறையில் செலவெல்லாம் ஆரம்பத்தில்தான். ஸ்கிரீன் தயாரான பிறகு நூறாவது பீஸுக்கும் ஆயிரமாவது பீஸுக்கும் ஆகிற செலவு மையும் கூலியுமே. ஆகவே ஆறு கலரில் இருபது பீஸ் கேட்பவருக்கு இது கட்டுப்படியாகாது. ஒரு கலரில் ஐந்நூறு கேட்பவருக்கு இதைவிட மலிவான, உறுதியான மார்க்கம் கிடையாது. சின்னத்தில் ஏழு கலர் இருந்தால், அவற்றில் உண்மையாகவே வேண்டியவை எத்தனை என்று ஒருமுறை யோசிப்பது பணத்தை மிச்சப்படுத்துவதோடு, பெரும்பாலும் சின்னத்தையும் அழகாக்கும். நல்ல சின்னங்கள் ஒரே கலரிலும் அடையாளம் தெரியும்.

ஸ்கிரீன் பிரிண்டிங் என்று ஒரே பெயரில் அழைத்தாலும், எந்த மையைப் பிரயோகிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விளைவு வெவ்வேறாகும் என்பதை வாங்குகிறவர்கள் அறிவதில்லை. தண்ணீரில் கலக்கிய பிக்மென்டைப் பைண்டர் என்ற பிசினோடு கலந்து அடித்தால், வெளிர்நிறப் பருத்தித் துணியில் அச்சு இருப்பதே கைக்குத் தெரியாத அளவு மிருதுவாக இருக்கும். வேர்வையும் காற்றும் தடையின்றிப் போய்வரும். பிளாஸ்டிசால் என்பது பி.வி.சி. துகள்களை நெகிழ்வூட்டும் எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்த மை. தானாக ஒருநாளும் உலராத இது, சுமார் 160 டிகிரி செல்ஷியஸ் உஷ்ணத்தில் உருகி ஒரே படலமாகிறது. கறுப்புத் துணியிலும் பளிச்சென்று நிற்பதும், ஸ்கிரீனில் மணிக்கணக்காகக் காயாமல் கிடந்து தொழிலாளிக்குச் சௌகரியம் செய்வதும் இதன் பெருமைகள்.

ஆனால் சித்திரை மாசத்து வெயிலில், மார்பு முழுவதும் பிளாஸ்டிசால் அப்பிய பனியனை அணிந்துகொண்டு ஒரு பெட்ரோல் பங்கில் எட்டு மணி நேரம் நின்று பார்த்தவருக்கே அதன் சிறுமை தெரியும். அந்தப் படலத்தின் வழியே காற்றும் போகாது, வேர்வையும் போகாது. குளிர் தேசத்துச் சட்டைகளைப் பார்த்துவிட்டு அதே அளவில் நெஞ்சு நிறைய அச்சிடச் சொல்கிற வழக்கத்தை நம்முடைய சீதோஷ்ணம் ஆதரிக்கவில்லை. இடது மார்பில் மூன்று மூன்றரை அங்குலத்துக்கு ஒரு சின்னமும், முதுகில் ஒரு வரிப் பெயரும் போதாதா? போதவில்லையென்றால், இடையிடையே துணி தெரியும்படி கோடுகளாகவும் புள்ளிகளாகவும் டிசைனை உடைத்துவிடலாம். கண்ணுக்கு நிறைவும் குறையாது, அணிகிறவரின் நெஞ்சும் மூச்சுவிடும்.

பிளாஸ்டிசாலில் நடக்கிற மோசமும் ஒன்று உண்டு. மேற்பரப்பு தொட்டால் காய்ந்ததுபோலிருக்க, அடிவரை உஷ்ணம் ஏறாமல் அவசரமாக எடுத்துவிட்ட அச்சு, நாலைந்து துவைப்பில் வறண்ட ஏரியின் தரைபோல் வெடித்துவிடும். சாம்பிளை வாங்கினவுடன் அச்சுள்ள இடத்தை இரண்டு கையாலும் பிடித்து அகலவாட்டில் இழுத்துப் பாருங்கள். நன்றாகக் க்யூரிங் ஆன, அதாவது அடிவரை சூடேறி இறுகின, அச்சு துணியோடு நீண்டு துணியோடு மீளும். ஆகாதது அப்போதே விரிசல் காட்டும். நன்றாக க்யூரான அச்சுக்கும் தெருமுனை இஸ்திரி வண்டியில் ஓர் அபாயம் காத்திருக்கிறது. கரிப்பெட்டி நேராக அதன்மேல் இறங்கினால், மை உருகிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். உட்புறம் வெளியே திருப்பித் தேய்க்கச் சொல்லவேண்டுமென்பதை, பனியனைக் கொடுக்கும்போதே சொல்லிக் கொடுக்கவேண்டும், யாரும் சொல்வதில்லை.

ஏற்றுமதிக்குப் போகும் சரக்கில் இந்த மையைப்பற்றி வேறொரு விசாரமும் உண்டு. பி.வி.சி.யை நெகிழ்விக்கும் தாலேட் என்ற ரசாயனங்களுள் நான்கு, எடையில் 0.1 சதவீதத்துக்குமேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய யூனியன், 2020 ஜூலை முதல் பொம்மைகளுக்கும் ஏனைய உபயோகப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கும் விதித்திருக்கிறது. அதனால் தாலேட் இல்லாத மைகளும், பி.வி.சி.யே இல்லாத மைகளும் வந்திருக்கின்றன. அயல்நாட்டுக் குழந்தைக்கு ஆகாதென்று விலக்கிய மையை உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுப் பனியனுக்குப் பிரயோகிப்பதில் என்ன நியாயம் இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால் நல்ல மையையே போட்டுக்கொடுப்பார்கள், கேட்கிறவர்தான் வேண்டும்.

கறுப்புத் துணியில் மிருதுவான அச்சு வேண்டுமென்பவருக்கு டிஸ்சார்ஜ் என்றொரு முறை இருக்கிறது. மேலே எதையும் படியவைக்காமல், துணியின் சாயத்தையே ரசாயனத்தால் அந்த இடத்தில் மட்டும் அழித்து, அழிந்த இடத்தில் வேறு வர்ணத்தைப் புகுத்துவது இது. கைக்கு ஒன்றும் தட்டுப்படாத இதன் நேர்த்தி அலாதியானது. ஆனால் க்யூரிங்கின்போது கிளம்பும் கந்தக நாற்றமும், ஃபார்மால்டிஹைடு மிஞ்சிவிடாமல் அலசவேண்டிய அவசியமும் இதன் தொல்லைகள். டர்காய்ஸ் போன்ற சில சாயங்கள் இந்த ரசாயனத்துக்கு மசிவதே இல்லை. பாலியஸ்டர் கலந்த துணியில் அழிப்பு அரைகுறையாகத்தான் நிகழும். துணி வாங்கும்போதே டிஸ்சார்ஜுக்கு ஏற்ற சாயமா என்று கேட்டு வாங்காதவர்கள் பின்னால் பட்டறைக்காரரை நொந்து பயனில்லை.

அலசுவது என்றவுடன் நொய்யல் ஆற்றின் நினைவு வருகிறது. ஆற்றைச் சாயக்கழிவு கெடுத்ததன் விளைவாக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் மூடப்பட்டதும், கழிவுநீரை வெளியே விடாமல் முழுவதும் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றானதும் ஊரறிந்த கதை. பிக்மென்ட் அச்சுக்கு உஷ்ணம் கொடுத்தால் போதும், பிறகு அலசவேண்டியதில்லை என்பது, தண்ணீர் அரிதாகிவிட்ட அந்தப் பிரதேசத்தில் அந்த முறைக்குள்ள பெருமைகளில் சின்னதல்ல.

இதுவரை சொன்னதெல்லாம் பருத்தியை மனத்தில் வைத்துச் சொன்னது. பாலியஸ்டர் வேறு லோகம். செக்கச் செவேலென்ற பாலியஸ்டர் பனியனில் பால்வெள்ளையாக ஒரு பெயரை பிளாஸ்டிசாலில் அச்சிட்டு, பெட்டியில் அடுக்கி அனுப்பி, சில நாள் கழித்துத் திறந்து பார்த்தால், வெள்ளைப் பெயர் ரோஜா நிறமாக மாறியிருக்கும். அச்சிட்டவர் வெள்ளை மையில் ஏதோ கலந்துவிட்டார் என்று வாங்கினவர் சண்டைக்கு வருவார். உண்மையில் குற்றவாளி துணியின் சாயம். பாலியஸ்டருக்கு ஏற்றுகிற டிஸ்பர்ஸ் சாயங்கள், போதிய உஷ்ணம் கண்டவுடன் திரவமாகாமலேயே ஆவியாகிற சுபாவமுடையவை. பிளாஸ்டிசாலுக்காகக் கொடுத்த சூடு அவற்றைக் கிளப்பிவிட, அவை மெல்ல மேலேறி வெள்ளைப் படலத்துக்குள் குடியேறிவிடுகின்றன. குறைந்த உஷ்ணத்தில் க்யூராகும் மையும், சாயத்தை மறிக்கிற சாம்பல்நிற அடிப்பூச்சும் இதற்குப் பரிகாரங்கள். துணி பாலியஸ்டர் என்பதை ஆர்டர் கொடுத்தவர் மறைத்தால், அல்லது தாமே அறியாமல் இருந்தால், பரிகாரத்துக்கு இடமேது?

ஒருவருக்குச் சாபமாக இருந்த இதே சுபாவத்தை மற்றொருவர் வரமாக்கிக்கொண்டார். பிரான்ஸில் 1957-இல் நோயல் தெ பிளாஸ் என்பவர், காகிதத்தில் அச்சிட்ட டிஸ்பர்ஸ் சாயத்தைச் சூட்டினால் ஆவியாக்கித் துணிக்குள் செலுத்தும் உபாயத்தைக் கண்டார். சப்ளிமேஷன் என்று இன்று பட்டறைகளில் வழங்குவது அதுதான். கம்ப்யூட்டர் பிரிண்டரில் காகிதத்தில் அச்சிட்டு, அதை வெள்ளைப் பாலியஸ்டரின்மேல் வைத்து, சுமார் 200 டிகிரியில் ஒரு நிமிஷமோ சற்றுக் குறைவாகவோ அழுத்தினால், சாயம் நாருக்குள் புகுந்து நிலைத்துவிடும்; அது உரிவதற்கு மேலே ஒன்றும் இல்லை. எத்தனை கலரானாலும் ஒரே செலவு. பதினொரு ஆட்டக்காரருக்குப் பதினொரு பெயரும் எண்ணும் வேறுவேறாகப் போட்டாலும் ஒரே செலவு. கிரிக்கெட், கால்பந்து, கபடிக் குழுக்களின் ஜெர்ஸிகள் தலைமுதல் கால்வரை வர்ணக்கோலமாக விளங்குவதற்கு இதுவே காரணம். வெள்ளை மை என்று ஒன்று இதில் இல்லாததால், கறுப்புத் துணியில் இது செல்லாது. பருத்தியில் செல்லவே செல்லாது. பாதிப் பருத்தி கலந்த துணியில் அடித்தால், பாலியஸ்டர்ப் பங்கு மட்டும் வர்ணத்தைப் பிடித்துக்கொண்டு, முதல் துவைப்பிலேயே பழைய துணிபோல் வெளிறிப்போகும்.

ஆட்டக்காரர் ஆடை சரி. அலுவலகத்துக்கும் அதே துணியா என்பது வேறு விஷயம். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம்வரை ஈரத்தை ஏற்று வைத்துக்கொள்ளும்போது, பாலியஸ்டர் ஏற்பது 0.4 சதவீதந்தான். ஓடுகிறவனின் வேர்வையை இழைகளின் இடுக்கு வழியாக வெளியே பரப்பிக் காயவைக்கும்படி பின்னிய துணிக்கு அது நன்மையே. மின்விசிறியில்லாத கிடங்கில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறவருக்கு அதே துணி, மாலைக்குள் அவருக்கே பொறுக்காத வாடையாக மாறும்.

எம்பிராய்டரியைப்பற்றிச் சொல்லும்போது மரியாதையுடன்தான் சொல்லவேண்டியிருக்கிறது. 1828-இல் மியூலூஸ் நகரத்து ஜோசுவே ஹைல்மான் கை எம்பிராய்டரி யந்திரத்தையும், 1863-இல் சுவிட்ஸர்லாந்தின் ஐசக் கிரோப்லி ஷிஃப்லி யந்திரத்தையும் கண்டுபிடித்தபின், பூத்தையல் பிரபுக்களின் மாளிகையைவிட்டு வெளியே வந்தது. டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட், ஆந்த்ரே ஜிலியே என்ற பின்னலாடை உற்பத்தியாளரோடு கூடி, 1933-இல் தம் சட்டையின் மார்பில் முதலையைத் தையலால் பொறித்து விற்க ஆரம்பித்தார். வியாபாரச் சின்னம் கழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த காலம் போய், சட்டையின் வெளியே வந்து எல்லோர் கண்ணிலும் படலாயிற்று. இன்றைக்கும் காலர் வைத்த பிக்கே துணிக்கும், தொப்பிக்கும், ஜாக்கெட்டுக்கும் இதற்கு ஈடில்லை.

இதில் கலருக்குக் கூலி இல்லை; தையலின் எண்ணிக்கைக்கே கூலி. யந்திரத்தின் ஒரு தலையில் பல ஊசிகள் பல நூல்களுடன் தயாராக நிற்பதால், ஏழு கலருக்கும் ஒரு கலருக்கும் வித்தியாசம் அதிகமில்லை. ஆனால் இரண்டு அங்குலச் சின்னத்தை நான்கு அங்குலமாக்கினால் பரப்பும் தையலும் நாலு பங்காகிவிடும். ஸ்கிரீனில் பெரிது பண்ணுவது மலிவு, கலர் கூட்டுவது செலவு; இங்கே அதற்கு நேர்மாறு. ஆகவே பல கலருள்ள சிறிய சின்னத்துக்கு எம்பிராய்டரியும், ஒரு கலருள்ள பெரிய எழுத்துக்கு ஸ்கிரீனும் என்று ஒருவர் தீர்மானித்தால் பெரும்பாலும் தவறாது.

படத்தைத் தையலாக மாற்றுவதற்குப் பஞ்சிங் என்று பெயர். ஊசி எங்கே ஆரம்பித்து, எந்தத் திசையில் போய், எங்கே அறுக்கவேண்டுமென்பதை ஒருவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிர்ணயிக்கிறார்; யந்திரத்தைவிட இவருடைய கை முக்கியம். ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரமுள்ள எழுத்து, அதிலும் சுழியும் புள்ளியும் நிறைந்த நம் தமிழெழுத்து, எவ்வளவு கெட்டிக்காரப் பஞ்சிங்கிலும் கட்டிக்கொண்டு உருத்தெரியாமல் போகும். "நிறுவப்பட்ட ஆண்டு" என்று சின்னத்தின் அடியில் ஒரு வரி இருந்தால் அதைக் கைவிடுவதே உத்தமம். சதுர மீட்டருக்கு 160 கிராம் (ஜி.எஸ்.எம்.) கனமுள்ள மெல்லிய ஜெர்ஸித் துணியில் நெருக்கமாகத் தைத்தால், சுற்றிலும் துணி சுருங்கி இழுத்துக்கொள்ளும். துணி இழுபடாமலிருக்கப் பின்னால் வைத்துத் தைத்த பேப்பர் நெஞ்சை உறுத்தும். நூலில் ரேயான் பளபளப்பாக இருக்கும், பாலியஸ்டர் உழைக்கும். பிளீச்சிங் போட்டுத் துவைக்கிற மருத்துவமனை, ஓட்டல் உடுப்புகளுக்குப் பாலியஸ்டர் நூலைத் தவிர மற்றதை நினைக்கவே வேண்டாம்.

மீதமுள்ள முறைகளில், பனியனையே பிரிண்டருக்குள் வைத்து நேராக மை தெளிக்கிற டி.டி.ஜி. முறை, ஒரே ஒரு பீஸில் புகைப்படம் போன்ற படம் வேண்டுமென்பவருக்கு உகந்தது, பருத்தியில்தான் சோபிக்கும், பீஸ் கூடினாலும் விலை குறையாது. இதைவிட அதிகமாக இப்போது தெருவுக்குத் தெரு பரவியிருப்பது டி.டி.எஃப். பிளாஸ்டிக் ஃபிலிமில் கலர்களையும், அவற்றின்மேல் வெள்ளையையும் அச்சிட்டு, உருகும் பசைத்தூளைத் தூவிச் சூடேற்றி வைத்துக்கொண்டால், வேண்டும்போது எந்தத் துணியின்மேலும் வைத்து, கால் நிமிஷம் அழுத்தி ஒட்டிவிடலாம். ஸ்கிரீன் வேண்டாம், பருத்தியா பாலியஸ்டரா என்ற கேள்வி வேண்டாம், குறைந்தது இத்தனை பீஸ் என்ற நிபந்தனை வேண்டாம். மீட்டர் கணக்கில் ஃபிலிமை அச்சிட்டு வாங்கிப்போய், வீட்டிலேயே ஒட்டி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். சிறு முதலோடு தொழில் துவங்குகிறவருக்கு இது பெரிய உபகாரம் என்பதை நான் மறுக்கவில்லை.

ஆயினும் அணிகிறவர் பக்கம் நின்று பார்த்தால், ஒட்டியது ஒரு தாள் என்பதை மறக்க முடியாது. இடது மார்பில் சிறு சின்னம், முதுகில் ஒரு பெயர், கையில் ஓர் எண் என்றால் இதுவே சரியான வழி. நெஞ்சை அடைத்துக்கொண்டு ஒன்றரை அடிக்கு ஒட்டினாலோ, வேர்வையைத் தடுப்பதில் பிளாஸ்டிசாலையும் மிஞ்சிவிடும். பசை சரியாக உருகாத இடத்தில் ஓரம் கிளம்பினால், துவைகல்லில் அடித்து பிரஷ் போட்டுத் தேய்க்கிற நம் வீட்டுச் சலவை மிச்சத்தையும் உரித்துவிடும். எந்தத் துணி என்று கேட்கவே தேவையில்லாமல் செய்துவிட்ட இந்த முறை, துணியைப்பற்றி யோசிக்கும் வழக்கத்தையே கடைக்காரர்களிடமிருந்தும் போக்கிவிடுமோ என்பது என் பயம்.

நீடித்து உழைப்பதே எப்போதும் குணமென்று நான் சொல்லவில்லை. தேர்தல் காலத்தில் ஊர்வலத்துக்கென்று ஆயிரக்கணக்கில் அடிக்கிற பனியனுக்கும், ஒருநாள் மாரத்தானுக்குக் கொடுக்கிற பனியனுக்கும் ஆயுள் ஒரு பகல்தான். அவற்றுக்கு மலிவான துணியில் ஒரு கலர் ஸ்கிரீன் பிரிண்டைத் தவிர வேறெதைப் போடுவதும் விரயம். தினந்தோறும் அணிந்து தினந்தோறும் துவைக்கிற உடுப்புக்கு அதே கணக்கைப் பார்ப்பதுதான் பிசகு.

எந்த முறையானாலும், வாட்ஸப்பில் பத்துக் கை மாறி மங்கிப்போன படத்தைக் கொடுத்து அச்சு மங்கலாயிருக்கிறதென்று குறைசொல்வது நியாயமல்ல. எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு கெடாத வெக்டர் ஃபைலைச் சின்னம் வரைந்தவரிடம் கேட்டு வாங்கவேண்டும். வர்ணத்தை "அந்த நீலம்" என்று சொல்லாமல் பான்டோன் வர்ண அட்டையின் எண்ணாகச் சொல்லவேண்டும். நிஜத் துணியில், நிஜ மையில் ஒரு சாம்பிள் போட்டு வாங்கி, வீட்டில் வழக்கம்போல் பத்துத் தரம் துவைத்து நேர் வெயிலில் உலர்த்திப் பார்த்துவிட்டு, பிறகு சம்மதம் சொல்வதற்கு ஒரு வாரம் பிடிக்கும். விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது வருகிறவருக்கு இந்தப் பரீட்சை வாய்க்காது.

ஆர்டரில் ஒரு சில பீஸ்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதும் நல்லது. ஆறு மாதம் கழித்து வேலைக்குச் சேருகிற நால்வருக்காக மறுபடி வரும்போது, அதே கருநீலம் வேறொரு சாயத் தொட்டியிலிருந்து வந்திருக்கும். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஷேடு வித்தியாசம் தெரிந்துவிடும். ஸ்கிரீனைப் பட்டறையில் வைத்திருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். எமல்ஷனைக் கழுவிவிட்டு, சட்டத்தை அடுத்தவர் வேலைக்கு எடுத்துக்கொள்வதே வழக்கம். ஃபிலிமையும், எம்பிராய்டரியானால் பஞ்சிங் ஃபைலையும், கணக்கு முடிக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றுக்கும் உங்களிடம்தான் கூலி வாங்கியிருக்கிறார்கள்.